பலவேசம் வீட்டு வாகைத் தூர்

மில்லை மூடிப் பூட்டுப் போட்டு வருஷக்கணக்காகியும் காலை ஷிப்டு நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்து, பல் விளக்கி, தலை சீவி, போக இடமில்லாமல் வாசலில் வந்து நிற்கிறவர்கள் வாழ்கிற தெரு எங்கள் மில் காலனி நாலாம் தெரு. அதனால்தான், பலவேசம் வீட்டு வாகை மரத்தை வெட்டித் துண்டுபோட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், மரம் இல்லாமல் அதன் நிழல் மட்டும் வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான இடத்தில், கிளை கிளையாக, இலை இலையாக விழுந்து கிடந்ததைப் பார்த்து எங்களில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பாவம், பழக்கம் விட நாளாகும் என்று நினைத்துக்கொண்டோம். இஸ்திரி போடும் இசக்கியப்பன் தன் தள்ளுவண்டியை எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார். பீடி சுற்றும் ஜெபமணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு கட்டு பீடி சுற்றி முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். மேலே வெறும் வானம் இருந்தது. "மரம் போயிட்டுல்லா," என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

மரத்தை வெட்டியது ஒரு காருக்காக. பலவேசத்தின் ஒரே மகன் சங்கரன் பெங்களூரில் வேலை பார்த்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தையின் பெயர் பலவேசத்தின் நாக்கில் புரளாது என்பதால் அவர் பாப்பா என்றே சொல்லுவார், அதையும் போனில் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். பாப்பா பிறந்ததிலிருந்து சங்கரன் ஊருக்கு வரவில்லை. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை, குழந்தைக்குச் சளி, ஆபீசில் லீவு இல்லை என்று ஏதாவது ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "கார் வாங்கியிருக்கேன்ப்பா. இந்தத் தடவ கார்லயே வாரோம். ஒரு வாரம் இருக்கோம். வண்டியை உள்ள விட எடம் இருக்குல்லா? புது வண்டி, தெருவுல நிப்பாட்ட முடியாது," என்றான். பலவேசம் கேட்டைப் பார்த்தார். கேட்டைத் திறந்தால் நேர் எதிரே, இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத வாகை மரம் நின்றது; பாதி அவர் வீட்டு முற்றத்துக்கும் பாதி எங்கள் தெருவுக்குமாக விரிந்து நின்றது. "இருக்குப்பா, நெறைய எடம் இருக்கு," என்று சொல்லி போனை வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு விறகுக்கடை தங்கப்பாண்டியைத் தேடிப் போனார்.

பேச்சு சுருக்கமாக முடிந்தது. மரம் தங்கப்பாண்டிக்கு, இடம் பலவேசத்துக்கு, யாருக்கும் யாரும் எதுவும் தர வேண்டாம். வெட்டுகிற அன்று தங்கப்பாண்டி அடிமரத்தில் கோடாலியைச் சாய்த்து வைத்து, சூடம் கொளுத்தி, பலவேசத்தைக் கூப்பிட்டார்.

"வீட்டு ஆளு ஒரு வார்த்தை சொல்லணும் அண்ணாச்சி. பெரிய மரம். உள்ள என்ன குடியிருக்கோ, கேட்டுட்டு எறங்கிப் போவட்டும்."

பலவேசம் மரத்தில் உள்ளங்கையை வைத்தார். அவர் மனைவி கோமுவுக்கு நெஞ்சு வலி வந்து ஆட்டோவில் ஏற்றிய அன்று, சேலைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் ஒதுக்குகிற அவசரத்தில், போயிட்டு வா என்று சொல்ல அவருக்கு விட்டுப்போயிற்று. கோமு வரவில்லை. அன்றிலிருந்து அவர் தன் வாசலைத் தாண்டுகிற யாரையும் சும்மா அனுப்புவதில்லை; கேஸ் சிலிண்டர் போடுகிறவரையும், கரண்டு கணக்கு எடுக்க வருகிறவரையும், எதிர் வீட்டுப் பூனையையும் நின்று வழியனுப்பித்தான் கேட்டைச் சாத்துவார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். போயிட்டு வா என்கிறபோது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

"போயிட்டு வா," என்றார் மரத்திடம்.

தங்கப்பாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டார். "மரத்தைப் போய்ச் சேருன்னு சொல்லணும் அண்ணாச்சி. வரச் சொல்லலாமா?"

"நம்ம வீட்டுல இருந்து போறதை எப்படிவே அப்படிச் சொல்ல?" என்று கேட்டுவிட்டு பலவேசம் உள்ளே போய்விட்டார்.

மாலைக்குள் மரம் விழுந்து, விறகாகி, லாரி ஏறிப் போயிற்று. முழங்கால் உயரத்துக்கு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து இலைபோட்டுச் சாப்பிடுகிற அகலத்துக்குத் தூர் அப்படியே இருந்தது. பலவேசம் ஓடிப்போய்க் கேட்டபோது, "மரம்தான அண்ணாச்சி பேசினோம், தூரு பேசலியே. தரைக்கு மேல உள்ளது எனக்கு, கீழ உள்ளது உங்களுக்கு," என்றார் தங்கப்பாண்டி. அப்படித்தான் அந்த வீட்டில் தூரும் தூருக்கு மேல் ஒரு நிழலும் மிஞ்சின.

மரம் இருந்தபோது அதை யாரும் கவனித்ததில்லை. இல்லாத மரத்தின் நிழலுக்கு வந்த மவுசு தனி. பறவை எச்சம் இல்லை, உதிர்கிற பூவும் நெற்றும் இல்லை, மயிர்க்கொட்டிப் பூச்சி இல்லை, குப்பை கூட்டுகிற வேலை இல்லை. வெறும் குளிர்ச்சி மட்டும். பாயை விரித்து, அதன் மேல் அப்பளம் காயப்போட முடியாது என்பது ஒன்றுதான் குறை. ஸ்கூல் வேன்காரர்கள் அங்கே நிறுத்தினார்கள். மூன்றாம் தெருக்காரர்கள் நாற்காலியோடு வந்தார்கள். சாயங்காலம் வாகை இலை மூடிக்கொள்ளும் நேரத்தில் நிழலும் மூடி மெலிந்து, தரையில் கோடு கோடாகச் சிதறியபோது, வீட்டுக்குப் போக நேரமாயிற்று என்று கடிகாரம் பார்க்காமலே எழுந்தோம். நிழலில் ஒரு காக்கைக் கூட்டின் கறுப்பும் இருந்தது. அந்தக் கூட்டுக்குச் சொந்தக்காரக் காக்கை சில நாள் வானத்தில் சுற்றிச் சுற்றித் தேடியது, பிறகு புத்தி வந்து, தரையில் கூட்டின் நிழல் விழுந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, நிழல் நகர நகரத் தானும் தத்தித் தத்தி நகர்ந்தது. மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, கிளை கம்பியில் உரசுவதாகப் பழைய புகார் ஒன்று இருப்பதாகச் சொல்லி, மேலே பார்த்து, கீழே பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நிழலிலேயே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

பலவேசம் தினமும் ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்து தூரின் மேல் வைப்பார். மில் இரைச்சலில் வேலை பார்த்துப் பார்த்துக் காது பாதி போய்விட்டவர் அவர். ஜெபமணியும் இசக்கியப்பனும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பாதிதான் பிடிபடும். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். நிழலில் உட்கார்ந்தவர்கள் தெருவைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள், யாருடைய முகமும் அவர் வீட்டைப் பார்த்து இல்லை. இருந்தும் அத்தனை முதுகுகளை ஜன்னல் வழியாகப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அவர்கள் எழுந்து போகும்போது ஒவ்வொருவரையும் வழியனுப்புவார், கேட்டைச் சாத்துவார், டிவியைச் சத்தமாக வைப்பார். அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்.

நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ தூரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கல்லுக்கு மூன்று நாள் குங்குமம் வைத்தால் நாலாம் நாள் அதற்குப் பெயர் வந்துவிடும், அடுத்த ஆடிக்குக் கொடைத் திருவிழா வந்துவிடும், பிறகு கலெக்டரே வந்தாலும் அதை நகர்த்த முடியாது. பலவேசம் அதைப் பார்த்ததும் பதறிப்போனார். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். "தாயி, கோவிச்சுக்கிடாத. நீ இங்கன உக்காந்துட்டா எம் மகன் வண்டி எங்கன நிக்கும்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவரே தூரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குங்குமம் வைக்க யாருக்கும் கை வரவில்லை.

ஞாயிறுதோறும் சங்கரன் போன் செய்தான். சாப்பிட்டீங்களா என்று கேட்பான், மாத்திரை போட்டீங்களா என்று கேட்பான், பிறகு, "அந்தத் தூரு எடுத்தாச்சாப்பா?" என்பான்.

"எடுத்துட்டே இருக்கேன்."

"ஒரு ஜேசிபிய வச்சு இழுத்துப் போடுங்கப்பா. ஒரு மணி நேர வேலை."

ஜேசிபிக்காரன் வந்து பார்த்தான். வண்டி உள்ளே வர மதில் சுவரை இடிக்க வேண்டும், இடித்த சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து அவன் சொன்ன தொகையைக் கேட்டு பலவேசத்தின் மில் பென்ஷன் வாய்விட்டுச் சிரித்திருக்கும். மகனிடம் கேட்கலாம், கேட்டால் கொடுப்பான், ஆனால் வரச் சொல்லுகிற மகனிடம் பாதைக்கான காசையும் கேட்பதா என்று அவருக்குக் கூசியது. கூலிக்குக் கடப்பாரையும் கோடாலியுமாக மூன்று பேரைக் கூட்டிவந்தார்; அவர்கள் பத்து வெட்டு வெட்டிவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கலாமென்று நிழலில் சாய்ந்தவர்கள், இல்லாத மரத்தடியில் குறட்டை விட்டுத் தூங்கி, வெயில் தாழ எழுந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். தூரில் துளை போட்டுக் கல்லுப்பைக் கொட்டினால் மக்கிவிடும் என்று ஒருவர் சொன்னார். உப்பைக் கொட்டினார். தூருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்பக்கம் நின்ற முருங்கை பட்டுப்போனது.

செலவில்லாத வழியைக் கடைசியில் வாய்தவறிச் சொன்னது இசக்கியப்பன்தான். பெட்டிக்குள் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே, "கரி வெல கட்டுபடியாகல அண்ணாச்சி. மூட்டம் போடுதவனும் இப்ப கம்மி," என்றார். பலவேசத்துக்கு அது முழுதாகக் கேட்டது. கருவேலங்கட்டையைக் குழியில் அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீயைப் புழுங்கவிட்டுக் கரியாக்குவதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. கட்டையைக் குழிக்குக் கொண்டுபோவதற்குப் பதில், கட்டை இருக்கிற இடத்திலேயே குழியைத் தோண்டினால் என்ன? அவர் தூரையே பார்த்துக்கொண்டு நின்றார். இசக்கியப்பனுக்கு விஷயம் விளங்கியதும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, வேண்டாம். தூரு போனா நெழலும் போயிரும்."

"போவட்டும்."

"மகன் வருசத்துக்கு ஒரு தடவ வருவான். இது தெனமும் வருதுல்லா?"

ஜெபமணியும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வந்தாள். "நாங்க அத்தன பேரும் இங்கனதான இருக்கோம் அண்ணாச்சி. உங்களுக்கு என்ன கொற?"

பலவேசம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க நெழலுக்கு வந்தவங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு எம் மவன் வேணும். அந்தப் புள்ள என்னைய ஒரு தடவயாவது தொட்டுப் பாக்கணும்." சொல்லிவிட்டு மண்வெட்டி எடுக்க உள்ளே போனார்.

அவர் தனியாகத்தான் தோண்டினார். தூரைச் சுற்றிப் பள்ளம் பறித்து, பக்கவேர்களை ஒவ்வொன்றாகக் கோடாலியால் வெட்டி, கையில் கொப்புளம் வந்து, கொப்புளம் உடைந்து, துணியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வெட்டி, பள்ளத்தில் கருவேலஞ் சுள்ளியும் எருவும் வைக்கோலும் அடைத்து, மேலே களிமண்ணைக் குழைத்துப் பூசி, ஒரு துளை விட்டு, தீ வைத்தார். நீல நிறத்தில் நூலாகப் புகை கிளம்பியது. எங்கள் தெருப் பெண்கள் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டார்களே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

தூர் உள்ளே புழுங்கப் புழுங்க நிழல் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டு வந்தது. முதலில் மூன்றாம் தெருக்காரர்களின் நாற்காலிகள் வெயிலுக்கு வந்தன. அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஸ்கூல் வேன்கள். பிறகு காக்கைக் கூடு இருந்த கிளை. அந்தக் காக்கை அன்று பூரா கத்திவிட்டு எங்கேயோ போய்விட்டது. இசக்கியப்பன் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இடம் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு முறம் அளவுக்கு நிழல் மிஞ்சியபோது, ஜெபமணி அதில் தன் பீடித் தட்டை மட்டும் வைத்துவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து சுற்றினாள். மறுநாள் தட்டு வைக்கவும் இடமில்லை. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பலவேசம் வாசலில் நின்று, "போயிட்டு வா தாயி," என்றார். அவள் தலையாட்டினாள்.

மூட்டத்தைப் பிரித்தபோது தூர் முழுதும் கரியாகியிருந்தது. தட்டினால் வெண்கலச் சத்தம் கேட்டது. பலவேசம் அதைச் சாக்குகளில் கட்டி இசக்கியப்பனுக்குச் சும்மாவே கொடுத்தார். அந்தக் கரியில் தேய்த்த சட்டைகள் எத்தனை வெயிலிலும் உடம்புக்குக் குளுமையாக இருந்தன. கரி தீருகிறவரைக்கும் எங்கள் தெருவில் துணி தேய்த்துப் போட்டுக்கொள்ளாத ஆண்பிள்ளை இல்லை. பலவேசத்துக்கு மட்டும் தேய்த்துப் போடுகிற வழக்கம் கிடையாது. அவர் பள்ளத்தை மூடி, சரளை பரப்பி, மட்டம் பார்த்து, தினமும் காலையில் தண்ணீர் தெளித்தார். முற்றம் பளிச்சென்று வெறிச்சோடிக் கிடந்தது.

கத்திரி வெயிலில் சங்கரன் வந்தான். வெள்ளை நிறக் கார், கேட்டுக்குள் அலுங்காமல் நுழைந்து, தூர் இருந்த இடத்துக்கு மேலேயே வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். பலவேசம் புது வேட்டி கட்டியிருந்தார். ஆட்டுக்கறி எடுத்துச் சமையலுக்கு ஆள் வைத்து ஆக்கியிருந்தார். இரண்டு தலையணைக்குப் புது உறை போட்டிருந்தார். சங்கரன் இறங்கி, கையைப் பிடித்து, "மெலிஞ்சிட்டீங்கப்பா," என்றான். மருமகள் வணக்கம் சொன்னாள். பாப்பா காருக்குள்ளிருந்து வர மாட்டேனென்று அழுதது. தூக்கி வெளியே விட்டதும் சரளை காலைச் சுட்டு இன்னும் உரக்க அழுதது. பலவேசம் கையை நீட்டினார். அது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

சாப்பிட்டார்கள். மின்விசிறி அனல் காற்றை வீசியது. மருமகள் குழந்தையின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். சங்கரன் எழுந்து போய்க் கார்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான்.

"என்னப்பா, முத்தத்துல நெழலே இல்லியே. சீட்டெல்லாம் கொதிக்குது. மரம் இருந்தப்ப இங்க நல்ல நெழல் நின்னுச்சுல்லா?"

பலவேசத்துக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் இன்னொரு தடவை உரக்கக் கேட்டான். அது எங்கள் எல்லாருக்கும் கேட்டது, எதிர் வீட்டில் நின்ற ஜெபமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நின்னுச்சுப்பா," என்றார் பலவேசம்.

"இந்தச் சூடு பாப்பாவுக்கு ஒத்துக்காது. நாங்க குத்தாலத்துல ரூம் போட்டு இருந்துக்கிடுதோம். திரும்பிப் போற வழியில மறுபடி வாரோம்." மருமகள் அதற்குள் பைகளை எடுத்துவிட்டாள். கார் ஸ்டார்ட் ஆகி உறுமி, ஏசி குளிர்ந்ததும் பாப்பா அழுகையை நிறுத்தியது. கண்ணாடியை இறக்கி, அம்மா சொல்லிக்கொடுத்தபடி, கையை வெளியே நீட்டி ஆட்டியது. பலவேசம் தொடப் போவதற்குள் வண்டி பின்னால் நகர்ந்தது.

"போயிட்டு வாரேன்ப்பா."

பலவேசம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் போன கோமுவுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, தெருவே கேட்கும்படி, "போயிட்டு வாப்பா. போயிட்டு வா தாயி," என்றார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. வாசலில் நின்ற நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போனோம்.

அவர் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினார். முற்றத்தில், கார் நின்ற இடத்தில், காரின் நிழல் நின்றது.

அவர் ஆச்சரியப்படவில்லை. போய் அதில் உட்கார்ந்தார். வாகையின் நிழல் மாதிரி அகலம் கிடையாது, ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம், அவ்வளவுதான். சரளை குளிர்ந்திருந்தது. வெயில் சாயச் சாய நிழல் கிழக்கே நீண்டது. நீண்டு, கார் ஜன்னலின் நிழல் மதிலை நெருங்கியபோது, அந்த ஜன்னலிலிருந்து சின்னதாக ஒரு கையின் நிழல் வெளியே நீண்டு, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிய, சுவரில் விழுந்தது.

எதிர் வீட்டிலிருந்து ஜெபமணி தட்டோடு கிளம்பி வந்தவள், கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். பலவேசம் எழுந்து, கொப்புளம் காய்ந்த தன் கையை வெயிலில் நீட்டி, முன்னும் பின்னுமாக நகர்ந்து சரிபார்த்து, அதன் நிழல் சுவரில் இருந்த அந்தச் சின்னக் கையைத் தொடும்படி பிடித்துக்கொண்டு நின்றார். சூரியன் இறங்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.